காப்பிக் கடையில் ஓர் இருக்கை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, திருவேங்கட மலையின் பழம்பெருமையையோ சந்திரகிரிக் கோட்டையின் சிறப்பையோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவற்றை எழுதத் தக்க புலமையுடையோர் நம் குடியிருப்பில் பலர் உளர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் பார்சல் ரசீது எழுதிவரும் குமாஸ்தா ஒருவன் காப்பிக் கடையின் வரலாற்றை எழுதினால், குறை நேரினும் பெரியோர் பொறுப்பர் என்னும் துணிவால் இதனைத் தொடங்குகின்றேன்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற பொங்கல் விழாக் கூட்டத்தில் நம் குடியிருப்புப் பெரியவர் ஒருவர், "கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். காசும் பாழ், காலமும் பாழ். இப்போது பெண் பிள்ளைகளும் கூடப் போய் உட்காருகிறார்கள்" என்று மனம் நொந்து பேசினார். அவையில் பலர் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். வயதில் மூத்தவரை அவையில் மறுத்துப் பேசுதல் முறையன்று என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆயினும் வீடு திரும்பியபின் மனம் அமைதி கொள்ளவில்லை. அன்று வாயால் கூறாத விடையை இன்று எழுத்தால் கூறுகின்றேன். ஐயா அவர்கள் பொறுத்தருள்க.

பெரியவர் சொன்ன கணக்கு சரியானதே. ஒரு குவளைக் காப்பியைக் குடிக்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சிய நேரத்துக்கு அந்த மாணவன் விலை கொடுத்து வாங்கியது காப்பி அன்று, இருக்கை. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, முழங்கையை ஊன்ற ஒரு மேசை, எதிரே பேசுவதற்கு ஒரு முகம். விடுதி அறையில் நால்வர் நெருங்கிக் கிடப்பர். வீட்டில் தொலைக்காட்சி அலறும். நூலகத்திலோ வாய் திறக்கலாகாது. பேசிப் பேசியே சிந்தனை தெளிய வேண்டிய வயதில் அவர்களுக்கு வேறு புகலிடம் எங்கே? இந்த இருக்கை உலகில் எவ்வாறு தோன்றிற்று, நம் நாட்டில் அது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே நான் கூற வந்த வரலாறு.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் கொட்டையை வறுத்துக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் ஏமன் நாட்டுச் சூஃபிப் பெரியார்களிடையே பரவிற்று. இரவெல்லாம் உறங்காதிருந்து இறைவனைத் தொழ அது அவர்களுக்குத் துணை செய்தது. 1550-களில் இஸ்தான்புல் நகரில் காப்பிக் கடைகள் எழுந்தன. கவிஞரும் கற்றோரும் அங்கே கூடிச் சதுரங்கம் ஆடினர். நூல்களைப் படித்து வாதிட்டனர். அதனால் அவற்றை 'அறிவோர் பள்ளி' என்றே மக்கள் வழங்கினர். நால்வர் கூடிப் பேசும் இடத்தைக் கண்டு ஆள்வோர் அஞ்சுதல் எந்நாட்டிலும் உள்ளதே. 1633-இல் சுல்தான் நான்காம் முராத் அக்கடைகளை மூடுமாறு கட்டளையிட்டான்.

இங்கிலாந்தின் முதற் காப்பிக் கடை 1650-இல் தோன்றியதாகக் கூறுவர். அது தலைநகராகிய இலண்டனில் அன்று, மாணவர் நிறைந்த ஆக்ஸ்போர்டில் தோன்றியது என்பது நோக்கத்தக்கது. 1655-இல் அதே ஊரில் ஆர்தர் டில்யார்டு என்னும் மருந்து வணிகர், இளம் மாணவர் சிலர் தூண்டியதால் தம் வீட்டிலேயே காப்பி விற்கலானார். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு குவளை காப்பியும் அன்றைய செய்தித்தாளும் கற்றோர் பேச்சும் கிடைத்தமையால், அக்கடைகளுக்குப் 'பென்னிப் பல்கலைக்கழகம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அங்கும் மன்னருக்கு அச்சம் வந்தது. 1675-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இரண்டாம் சார்லசு மன்னர் காப்பிக் கடைகளை மூடும் ஆணை பிறப்பித்தார். மக்கள் எழுப்பிய கூக்குரலில், அது நடைமுறைக்கு வருவதற்குள்ளாகவே திரும்பப் பெறப்பட்டது. எனினும் அந்தப் பென்னிப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்குப் பரிமாறும் வேலை இருந்ததேயன்றி, ஆடவரோடு அமர்ந்து வாதிடும் இடம் இல்லை.

நம் நாட்டுக்குக் காப்பி வந்த கதையை யாவரும் அறிவர். பாபா புடன் என்னும் சூஃபிப் பெரியார் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்புகையில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்துக் கொணர்ந்து, பதினேழாம் நூற்றாண்டில் சிக்கமகளூர்ப் பகுதியின் சந்திரகிரி மலையில் விதைத்தார் என்பது மரபுச் செய்தி. நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இதனைக் கேட்டு, அருகிலுள்ள நம் சந்திரகிரிதான் காப்பி பிறந்த இடம் என்று பெருமை பேசுவதுண்டு. அது வேறு மலை. இன்று பாபா புடன்கிரி என வழங்குவது. நமக்கு அக்கோட்டையும் அரண்மனையும் போதும்.

தமிழகத்து வீடுகளில் காப்பி நுழைந்தது மிக அண்மையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை காலையில் நம் முன்னோர் அருந்தியது நீராகாரமே. காப்பி பரவத் தொடங்கியபோது, இது உடலுக்குக் கேடு, குடும்பத்துக்குச் செலவு என்று இதழ்கள் கண்டித்து எழுதின. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கதையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 2000-இல் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் வெளிவந்தது; நம் சங்க நூலகத்துக்கு வாங்கத் தக்க நூல். காப்பியை ஒட்டி நகரங்களில் எழுந்தவை காப்பி கிளப்புகள். பெயர்தான் கிளப்பு, உள்ளே இட்டிலியும் தோசையும் காப்பியும் விற்கும் சிற்றுண்டிச்சாலை.

அங்கே எல்லோருக்கும் இருக்கை உண்டா? இல்லை. பார்ப்பனர்க்குத் தனி இடமும் பிறர்க்கு வேறிடமும் வகுத்த கடைகள் பல. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டவர்க்கோ கடைக்குள் கால்வைக்கவே இடமில்லை. இரயில் நிலையத்துச் சிற்றுண்டி அறைகளிலும் இப்பிரிவினை பலகை எழுதித் தொங்கிற்று. ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்து வந்தவர்கள் இறங்கியதும் இருவேறு வாயில் தேடி நடந்தனர். பெரியார் ஈ.வெ.ரா. அவர்களும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து போராடியதன் பயனாக, 1941-இல் இரயில்வே உணவு விடுதிகளில் அப்பலகைகள் நீங்கின.

இவ்விடத்தில் என் பாட்டனாரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன். அவர் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், இரயில்வேயில் கலாசி வேலைக்கு வந்தவர். ஒரு சந்திப்பு நிலையத்தில் பணி. சிற்றுண்டி அறையின் பின்புறச் சன்னல் வழியாக ஒரு கை நீளும். அவர் கொண்டுபோன தகரக் குவளையில் காப்பி விழும். காசைச் சன்னல் விளிம்பில் வைக்கவேண்டும். பலகை நீங்கிய பிறகும் பல மாதம் அவர் பழக்கத்தால் சன்னலுக்கே சென்றாராம். ஒரு நாள் உடன் வேலை செய்த ஒருவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சென்று நாற்காலியில் உட்கார வைத்தார். காப்பி வந்தது. "யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று, ஆறும் முன்னே ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாக்கு வெந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சிறுவனாயிருந்த நாங்களும் சிரிப்போம். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

1950-ஆம் ஆண்டு சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழைவதற்குச் சாதியோ சமயமோ தடையாகாது என்று விதித்தது. அடிப்படை உரிமைகளின் வரிசையில் காப்பிக் கடை வாயிலும் இடம்பெற்றுவிட்டது என்று கூறினால் மிகையாகாது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஆயினும் 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பல மாதம் மறியல் நடக்கவேண்டியிருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வழக்கம் அதன் பின்னும் நெடுங்காலம் ஒழியவில்லை. சட்டம் வாயிலைத் திறந்தது. நாற்காலியை நகர்த்திப் போட மனிதர் வேண்டியிருந்தனர்.

இந்தக் காலத்திலேயே வேறு வகைக் கடையொன்றும் வளர்ந்தது. நம் நாட்டுக் காப்பியை நம் மக்களிடையே பரப்பும் நோக்குடன் 1936-இல் பம்பாயில் முதல் 'இந்தியா காப்பி ஹவுஸ்' திறக்கப்பட்டது. பிறகு காப்பி வாரியத்தின் கீழ் நாடெங்கும் கிளைகள் பரவின. 1950-களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவுசெய்யவே, தொழிலாளர் பலர் வேலை இழக்கும் நிலை வந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்கள், "நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை நடத்துங்கள்" என்று வழிகாட்டினார். 1957-இல் பெங்களூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியிலும், 1958 மார்ச்சில் திருச்சூரிலும் தொழிலாளர் கடைகள் திறந்தன. தலையில் விசிறித் தலைப்பாகை அணிந்து பரிமாறுபவரே கடையின் பங்குதாரர். அதனால்தானோ என்னவோ, "வேறென்ன வேண்டும்?" என்று நச்சரித்து எழுப்பும் வழக்கம் அங்கே குறைவு.

கல்கத்தாவின் கல்லூரித் தெருவில் உள்ள காப்பி ஹவுஸ் இவற்றுள் பெரும்புகழ் வாய்ந்தது. 1876-இல் எழுந்த ஆல்பர்ட் மண்டபத்தில், 1942-இல் காப்பி வாரியம் கடை திறந்தது. எதிரே பிரசிடென்சிக் கல்லூரி, பக்கத்தில் பல்கலைக்கழகம், சுற்றிலும் பழைய புத்தகக் கடைகள். சத்யஜித் ராய் வந்து அமர்ந்த இடம் அது. 1951 முதல் 1953 வரை பிரசிடென்சியில் பயின்ற அமர்த்தியா சென், அங்கு நடந்த வாதங்களைத் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கின்றார். 1958-இல் அதை மூட நிருவாகம் முனைந்தபோது, பேராசிரியர்களே அரசுக்கு விண்ணப்பம் விடுத்து, அதே ஆண்டில் மீண்டும் திறக்கச் செய்தனர். மாணவர் காப்பிக் கடையில் உட்காரவேண்டும் என்று ஆசிரியர் வாதாடிய வரலாறு இது. நம் பெரியவர் இதனைச் சிந்திக்கவேண்டும். இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் தில்லி கன்னாட் பிளேசில் இருந்த காப்பி ஹவுஸ் இடித்துத் தள்ளப்பட்டது. முராத்தும் சார்லசும் கொண்ட அச்சம் இருபதாம் நூற்றாண்டிலும் மாறவில்லை போலும்.

இனி நம் திருப்பதிக்கு வருவோம். 1945-இல் தேவஸ்தானத்தார் திருவேங்கடவன் பெயரால் இங்கே கல்லூரி அமைத்தனர். ஆந்திர மாநிலம் பிறந்த மறு ஆண்டு, 1954-இல், அதே பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. கடப்பையிலிருந்தும் அனந்தப்பூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் மாணவர் வந்து குவிந்தனர். ஆயினும் நம் ஊர்க் கடைகள் மாணவருக்காக எழுந்தவை அல்ல, யாத்திரிகருக்காக எழுந்தவை. மலையேறப் போகிறவருக்கும் இறங்கி வந்தவருக்கும் ஒரே அவசரம். பேருந்தைப் பிடிக்கவேண்டும், வண்டியைப் பிடிக்கவேண்டும். மேசை ஒன்றுக்குப் பின்னால் நான்கு பேர் நின்று, உண்பவர் கையையே பார்த்திருப்பர். இத்தகைய ஊரில் ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காருவதென்றால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் என்செய்வார்?

ஆனால் இதற்கும் ஒரு வழி இருந்தது. அதனைக் கண்டவன் நான் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

1996-இல் பள்ளி இறுதித் தேர்வில் தேறினேன். கல்லூரிக்குப் போகும் ஆசை இருந்தது. அதற்குரிய மதிப்பெண்ணும் இருந்தது. குடும்பத்தில் பணம் இல்லை. 1998-இல் பணியிலிருக்கும்போதே தந்தையார் காலமானார். இரக்க அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. பதினெட்டு வயது, என் பள்ளித் தோழர் கல்லூரிக்குப் போகும் வேளையில் நான் பார்சல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாலையில் பணி முடிந்ததும் நிலையத்துக்கு அருகிலிருந்த காப்பிக் கடை ஒன்றில் ஓரமாக அமர்வேன். பல்கலைக்கழக மாணவர் ஐந்தாறு பேர் நடு மேசையில் இருந்து உரத்து வாதிடுவர். வண்டி வந்து யாத்திரிகர் கூட்டம் நுழைந்தால் கடைக்காரர் அவர்களை எழுப்பிவிடுவார். அவர்களும் வாதத்தைப் பாதியில் விட்டு வெளியே போய் நிற்பர். கூட்டம் எப்போது வரும் என்பது அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஒரு நாள், எழுப்பப் போன கடைக்காரரிடம், "அண்ணா, அந்த வண்டி ஒன்றரை மணி தாமதம். இப்போதைக்குக் கூட்டம் வராது" என்றேன். அவர் திரும்பிப் போனார். மாணவர்கள் என்னை வியப்போடு பார்த்தனர். மறுநாள் நான் நுழைந்ததும், "இன்றைக்கு வண்டி எப்படி?" என்று கேட்டுத் தம் மேசையில் இடம் விட்டனர். இவ்வாறு இரயில்வேயின் தாமதத்தால் எனக்கு ஓர் இருக்கை கிடைத்தது. தாமதத்தைப் பற்றிப் பயணிகள் என்னிடம் குறைகூறும்போதெல்லாம், அதனால் வாழ்ந்தவனும் ஒருவன் உண்டே என்று எண்ணிக்கொள்வேன்.

நான்கு ஆண்டுகள் அந்த மேசையில் அமர்ந்தேன். மாணவர் மாறினர், மேசை மாறவில்லை. பொருளியல் பயின்றவர் வெங்காய விலை ஏறும் காரணத்தைக் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். சட்டம் பயின்றவர் ஒருவர் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். 'உணவு விடுதிகள்' என்ற சொல் வந்தபோது எனக்குப் பாட்டனாரின் வெந்த நாக்கு நினைவுக்கு வந்தது. அன்று காப்பியை நான் மிக மெதுவாகக் குடித்தேன்.

கணிதம் பயின்ற ஒருவர் சொன்ன கதையை நான் மறக்கவே முடியாது. 1930-களில் போலந்து நாட்டில் ல்வோவ் என்று ஒரு நகரம். இன்று அது உக்ரைன் நாட்டில் உள்ளது. அங்கே 'ஸ்காட்டிஷ் கஃபே' என்னும் காப்பிக் கடையில் ஸ்டெபான் பனாக் என்னும் கணிதப் பேராசிரியரும் அவர் தோழர்களும் மாணவர்களும் கூடுவர். சலவைக்கல் மேசையின் மேலேயே பென்சிலால் கணக்குப் போடுவர். ஒரு முறை பதினேழு மணி நேரம் தொடர்ந்து அமர்ந்திருந்ததாக ஸ்டானிஸ்லாவ் உலாம் எழுதியிருக்கிறார். இரவில் கடைப் பணியாளர் மேசையைத் துடைத்துவிட, அன்றைய கணக்கு முழுதும் போய்விடும். இதைக் கண்ட பனாக்கின் மனைவியார் 1935-இல் தடித்த குறிப்பேடு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது கடையிலேயே இருக்கும். கேட்டால் பணியாளர் எடுத்துத் தருவார். விடை காணாத கணக்குகளை அதில் எழுதி, விடுவிப்போர்க்குப் பரிசும் குறித்தனர். 1936-இல் மசூர் என்பவர் ஒரு கணக்குக்கு உயிருள்ள வாத்து ஒன்றைப் பரிசாக எழுதிவைத்தார். இடையில் போர் வந்தது, நகரம் கைமாறியது. 1972-இல் சுவீடன் நாட்டு இளைஞர் பேர் என்ஃப்லோ அக்கணக்கை விடுவித்தார். மசூர் சொன்ன சொல் தவறாமல் வார்சாவில் அவருக்கு வாத்தைக் கொடுத்தார்.

இதில் என் நெஞ்சைத் தொட்டது வாத்தன்று. அந்தப் பனாக் முறையாகப் பட்டப்படிப்பை முடித்தவர் அல்லர். 1916-இல் கிராக்கோவ் நகரப் பூங்காவில் நண்பரோடு கணிதம் பேசிக்கொண்டிருந்தவரை, அவ்வழியே சென்ற ஸ்டைன்ஹவுஸ் என்னும் அறிஞர் தற்செயலாகக் கேட்டு, இவர் யாரென்று நின்றார். 1920-இல் கீழ்ப்பட்டம் இல்லாமலே முனைவர் பட்டம் பெற்றார் பனாக். ஒருவர் பேசுவதை மற்றொருவர் கேட்க நேரும் இடம் ஊரில் இருக்கவேண்டும். நான் பனாக் அல்லேன், பார்சல் குமாஸ்தாவே. ஆனாலும் இக்கட்டுரையில் உள்ள செய்திகளில் பாதிக்கு மேல் எனக்குக் கிடைத்தது அத்தகைய மேசையிலிருந்துதான்.

அந்தக் கடை இன்று இல்லை. நின்றுகொண்டே குடித்துப் போகும் கடைகள் இப்போது மிகுதி. அவற்றில் நாற்காலியே கிடையாது. மற்றொரு புறம், 1996-இல் பெங்களூரில் தொடங்கிய கஃபே காபி டே போன்ற குளிர்பதனக் கடைகள் வந்தன. அங்கே நாற்காலி மெத்தென்று இருக்கும். எவ்வளவு நேரமும் இருக்கலாம். ஆனால் ஒரு காப்பியின் விலையில் எளிய மாணவன் ஒரு வேளை உண்டுவிடலாம். முன்பு பலகை தடுத்தது. இப்போது விலைப்பட்டியல் தடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். பாட்டனார் காலத்துக் கொடுமையோடு இதனை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துப் போகும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

சென்ற ஆடித் திங்களில் ஒரு மாலை, கல்லூரியிலிருந்து என் மகள் வீடு திரும்ப நேரமாயிற்று. பெரியவரின் பேச்சு என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை மறைப்பானேன்? தேடிக்கொண்டு போனேன். கல்லூரிக்கு அருகே சிறிய காப்பிக் கடை ஒன்றில் தோழியர் மூவரோடு அமர்ந்திருந்தாள். மேசையில் வெறும் டபராக்கள். காப்பி குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருக்கவேண்டும். ஒருத்தி தெலுங்கில் கேட்க, என் மகள் தமிழில் விடை கூற, மற்றொருத்தி ஆங்கிலத்தில் அதனை மறுத்துக்கொண்டிருந்தாள். என்ன பொருள் பற்றிய வாதம் என்று எனக்கு விளங்கவில்லை. அழைத்துச் செல்ல வந்தவன் வாயிலிலேயே நின்றேன்.

மகள் கண்டுகொண்டாள். முகத்தில் சிறிது அச்சம் தோன்றி மறைந்தது. பிறகு, "அப்பா, உள்ளே வாங்க. இன்னும் முடியலை" என்றாள். கடைக்காரர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஐயாவுக்கும் ஒரு காப்பியா?" என்று கேட்டார்.